அத்தை இப்போ இருக்குற வீடு: பேன்யனோட ஹோம் அகெய்ன் பத்தி என் ரிவ்யூ

மனநலம் பாதிச்சு ரோட்டுல இருந்து மீட்டெடுத்த சொந்தக்காரங்க யாராவது உங்க குடும்பத்துல இருந்தா, ட்ரீட்மென்ட் ஓரளவு முடிஞ்சதும் "சரி, இனிமே எங்க இருப்பாங்க"ன்னு ஒரு கேள்வி வந்து நிக்கும். எங்க குடும்பத்துலயும் நின்னுச்சு. அதுக்கு எங்களுக்கு கிடைச்ச பதில் பத்தி தான் இந்த ரிவ்யூ, கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க, ஏன்னா இந்த மாதிரி ஒரு சர்வீஸ் இருக்குன்னே தெரியாம நிறைய பேர் தவிக்கிறாங்க.

சென்னைல தி பேன்யன்னு ஒரு அமைப்பு, 1993ல வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார்னு ரெண்டு பேர் ஆரம்பிச்சது, அப்போ ரெண்டு பேருக்குமே இருபத்தி சொச்சம் வயசு தான். ரோட்டுல மனசு கலங்கி திரிஞ்ச ஒரு பெண்ணை பார்த்துட்டு எங்கயாவது சேர்க்கலாம்னு முயற்சி பண்ணி, ஏத்துக்க யாரும் முன்வராம, அப்போ நாமளே ஒண்ணு ஆரம்பிப்போம்னு இறங்கினவங்க. முகப்பேர்ல இருக்குற அவங்களோட "அடைக்கலம்"ங்கற இல்லம் நிறைய பேருக்கு தெரிஞ்சிருக்கும். ரோட்டுல இருந்து வர்ற பெண்களுக்கு ட்ரீட்மென்ட், சாப்பாடு, தங்க இடம், அப்புறம் ஊரை கண்டுபிடிச்சு வீட்டுல சேர்க்கறது, இதெல்லாம் அங்க நடக்கும். ஆனா வீட்டுக்கு போக முடியாதவங்க, போக விரும்பாதவங்க, வீடே இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க? அவங்களுக்காக 2015ல ஆரம்பிச்சது தான் ஹோம் அகெய்ன்.

விஷயம் ரொம்ப சிம்பிள். சாதாரண தெருவுல சாதாரணமா ஒரு வாடகை வீடு. அதுல நாலஞ்சு பேர் சேர்ந்து இருப்பாங்க, யாரோட யார் சேர்ந்து இருக்கணும்ங்கறதை அவங்களே பேசி முடிவு பண்ணிக்கறாங்க, டவுனா கிராமமான்னும் அவங்க விருப்பத்தை கேக்கறாங்க. கூட உதவிக்கு பெர்சனல் அசிஸ்டென்ட்னு ஒருத்தங்க, பெரிய படிப்பெல்லாம் கிடையாது, பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர் பெண்கள் தான், ட்ரெய்னிங் குடுத்து வெச்சிருக்காங்க. தேவையை பொறுத்து சில வீட்டுல கூடவே தங்குவாங்க, சில வீட்டுக்கு வந்து பார்த்துட்டு போவாங்க. அவங்களுக்கு மேல கேஸ் மேனேஜர், நர்ஸ், டாக்டர்னு ஒரு டீம். இத்தனை மாசத்துல காலி பண்ணணும்னு கெடு கிடையாது, ரொம்ப முக்கியமான விஷயம் இது, ஏன்னா நாளைக்கு எங்கன்னு தெரியாம வருஷக்கணக்கா இருந்தவங்களுக்கு கெடு வெச்சா அந்த பயத்துலயே மறுபடி உடம்பும் மனசும் படுத்துடும்.

அத்தை கதையை சுருக்கமா சொல்றேன். அப்பாவோட கடைசி தங்கச்சி, விழுப்புரம் பக்கம் எங்க ஊரு, நல்ல டெய்லர், எங்க தெருவுல பாதி பேருக்கு ஜாக்கெட் அத்தை தைச்சது தான். கல்யாணமாகி குழந்தை பிறந்த கொஞ்ச நாள்லயே மனசு சரியில்லாம போச்சு, தூக்கம் இல்ல, காதுல யாரோ பேசறாங்கன்னு சொல்லுவாங்க. புகுந்த வீட்டுல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறதுக்கு பதிலா கோயில் கோயிலா வேப்பிலை அடிச்சுட்டு, கடைசில குழந்தையை வெச்சுக்கிட்டு அத்தையை மட்டும் எங்க வீட்டு திண்ணைல விட்டுட்டு போயிட்டாங்க. அப்புறம் ஒரு நாள் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து காணாம போனவங்க தான். போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்தோம், தெரிஞ்ச இடமெல்லாம் தேடினோம், பாட்டி அந்த ஏக்கத்துலயே போய் சேர்ந்துட்டாங்க. வருஷங்கள் கழிச்சு எங்க ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்கு சென்னைல இருந்து போன் வந்துச்சு, அத்தை அடைக்கலத்துல இருக்காங்க, மாத்திரை எடுக்க ஆரம்பிச்சதும் ஊர் பேரும் அண்ணன் பேரும் சொன்னாங்கன்னு.

கூட்டிட்டு வந்தோம், ஊரே வந்து பார்த்துச்சு, அது தான் பிரச்சனையே. பார்க்க வந்தவங்க போகவே இல்ல. கிணத்தடிக்கு போனா ஒரு பேச்சு, கடைக்கு போனா ஒரு பேச்சு, எங்கெங்க படுத்திருந்தா யார் யாரோட இருந்தாளோன்னு காது படவே பேசினாங்க. புகுந்த வீட்டுக்காரங்க அத்தையோட பொண்ணை கண்ணுல காட்டல. அத்தை மாத்திரையை நிறுத்திட்டு மறுபடி ராத்திரி ராத்திரி வாசல்ல உக்கார ஆரம்பிச்சாங்க. ஒரு நாள் அவங்களே அப்பாகிட்ட சொன்னாங்க, "அண்ணா, என்னை அங்கயே கொண்டு விட்டுடு, இங்க இருந்தா நான் மறுபடி கிளம்பிடுவேன்"னு. அப்பா அழுதாரு. ஆனா தெளிவா யோசிச்சு அத்தை எடுத்த முடிவு அது, நாங்க அதை மதிச்சோம்.

நடுவுல ஒரு சொந்தக்காரர் பேச்சை கேட்டு வேற ஒரு பிரைவேட் இல்லத்தை போய் பார்த்தோம், பேர் வேணாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டின முடி, ஒரே கலர் நைட்டி, சாயங்காலம் ஆனா கேட் பூட்டு. அங்க இருந்த ஒரு அம்மா என் கையை பிடிச்சுட்டு விடவே இல்ல. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடில ஒரு மனநல காப்பகத்துல சங்கிலில கட்டி வெச்சிருந்தவங்க 28 பேர் தீயில செத்து போனாங்களே, அதுக்கப்புறம் எவ்வளவோ மாறிடுச்சுன்னு சொல்றாங்க, மாறியிருக்கு தான், ஆனா பூட்டு இன்னும் நிறைய இடத்துல இருக்கு. அத்தை மறுபடி அடைக்கலம் தான் போனாங்க, கொஞ்ச காலம் அங்க இருந்துட்டு அப்புறம் ஹோம் அகெய்ன் வீடு. கோவளம் பக்கம்.

இப்போ அந்த வீட்டை பத்தி. ரெண்டு ரூம், ஒரு ஹால், பின்னாடி துணி துவைக்கிற கல்லு, மொட்டை மாடில வத்தல் காய போட இடம். வாசல்ல போர்டு எதுவும் கிடையாது, அக்கம்பக்கத்துக்கு அது "நாலு அக்காங்க இருக்குற வீடு", அவ்வளவு தான். அத்தையோட ஒரு ஆந்திரா அம்மா, ஒரு பீகார் அக்கா, இன்னொருத்தங்க திருவண்ணாமலை பக்கம். பீகார் அக்காவுக்கு தமிழ் இப்போ நல்லாவே வருது, ஆனா கோவம் வந்தா இந்தி தான், ராத்திரில சப்பாத்தி அவங்க டிபார்ட்மென்ட். குழம்பு அத்தை. இன்னைக்கு என்ன சமைக்கறதுன்னு தினமும் காலைல ஒரு சண்டை நடக்கும் பாருங்க, அத்தைக்கு மீன் வேணும், ஆந்திரா அம்மாவுக்கு புளிச்சக்கீரை வேணும், அந்த சண்டையை நான் உக்காந்து கேட்டிருக்கேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு இது தான் வேணும்னு அத்தை அடிச்சு பேசி கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு! எங்க ஊர்ல ஏரி மீனும் கருவாடும் தான், இப்போ சங்கரா எது காரப்பொடி எதுன்னு எனக்கே க்ளாஸ் எடுக்கறாங்க, மீன்காரம்மாகிட்ட செவுளை தூக்கி பார்த்து தான் வாங்குவாங்க.

ஆரம்பத்துல இப்படி இல்ல. புது வீட்டுக்கு வந்தப்போ அத்தை கட்டில்ல படுக்கவே மாட்டாங்க. கதவு பக்கத்துல தரைல, செருப்பை தலைக்கு அடில வெச்சுக்கிட்டு தான் தூங்குவாங்க, ரோட்டுல செருப்பு திருடு போயிடும்ல, அந்த பழக்கம். பன்னு, பிஸ்கட்டு, மிச்ச சோறு கூட கவர்ல கட்டி தலகாணி உறைக்குள்ள வெச்சிருப்பாங்க. ஹாஸ்பிடலா இருந்தா எறும்பு வருது ஸ்மெல் வருதுன்னு எடுத்து கொட்டியிருப்பாங்க, திட்டியிருப்பாங்க. அந்த வீட்டு பெர்சனல் அசிஸ்டென்ட் அக்கா என்ன பண்ணாங்கன்னா, மூடி போட்ட ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கி குடுத்து "இது உன்னுது, இதுல வெச்சுக்கோ, யாரும் தொட மாட்டோம்"னு சொல்லிட்டாங்க. டப்பா பல மாசம் தலைமாட்டுலயே இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் நான் போனப்போ அது அடுப்படி ஷெல்ஃப்ல இருந்துச்சு, உள்ள கடுகு. யாரும் எடுத்து வைக்க சொல்லல, அத்தையே தான் வெச்சிருக்காங்க. கட்டிலும் அப்படி தான், எப்போ ஏறி படுத்தாங்கன்னு அந்த அக்காவுக்கே சரியா சொல்ல தெரியல.

இந்த சர்வீஸ்ல எனக்கு ரொம்ப பிடிச்சது இந்த பொறுமை. சீக்கிரம் சரியாகணும், சீக்கிரம் வேலைக்கு போகணும், சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பணும்னு யாரும் துரத்தல. குரல் இன்னும் கேக்கும் அத்தைக்கு, அது முழுசா போயிடும்னு யாரும் எங்களுக்கு பொய் சொல்லல. ஒரு தடவை நான் தங்கியிருந்தப்போ சாயங்காலத்துல இருந்தே அத்தை யார்கூடவும் பேசாம வாசப்படில உக்காந்துட்டாங்க, எனக்கு பழைய ஞாபகம் வந்து கை காலெல்லாம் உதறுது, அந்த அக்கா வந்து பக்கத்துல உக்காந்து முருங்கைக்கீரை ஆய ஆரம்பிச்சாங்க, எதுவும் கேக்கல, கொஞ்ச நேரம் கழிச்சு அத்தையும் ஒரு கொத்து எடுத்து ஆய்ஞ்சாங்க, அப்புறம் தான் "இன்னைக்கு ஜாஸ்தியா கேக்குது"ன்னு சொன்னாங்க. நர்ஸுக்கு போன் போட்டு சொன்னாங்க, மறுநாள் டாக்டரை பார்த்தாங்க. இழுத்து பிடிக்கறது, ரூம்ல போட்டு பூட்டறது எதுவும் நடக்கல.

வேலைன்னு பார்த்தா, மிதிக்கிற தையல் மெஷின் ஒண்ணு வந்திருக்கு. சேலைக்கு ஃபால்ஸ் வைக்கிறது, ஓரம் அடிக்கிறது, ஸ்கூல் யூனிஃபார்ம்ல கிழிஞ்சது தைக்கறது, தெருக்காரங்க குடுப்பாங்க. ஜாக்கெட் அளவு எடுக்க இன்னும் கொஞ்சம் தயக்கம், கை நடுங்குது, அது மாத்திரையால. கணக்கு நோட்டு போட்டு வெச்சிருக்காங்க, யார் எவ்வளவு பாக்கின்னு கரெக்டா சொல்லுவாங்க. அந்த காசுல தான் என் பையனுக்கு தீபாவளிக்கு சட்டை எடுத்து குடுத்தாங்க, அப்பா அந்த சட்டையை வாங்கி கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

பேப்பர் விஷயத்துல இவங்க பண்ற வேலையை தனியா சொல்லணும். ரோட்டுல வருஷக்கணக்கா இருந்தவங்களுக்கு ஆதார் இருக்காது, ரேஷன் கார்டுல பேர் எடுத்திருப்பாங்க, பேங்க் அக்கவுன்ட் கிடையாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமை சட்டத்துல சொல்ற 21 வகைல மனநோயும் ஒண்ணு, 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு சர்டிஃபிகேட் வாங்கினா தான் சலுகைகள் கிடைக்கும், அதுக்கு டாக்டர்கிட்ட அசெஸ்மென்ட், ஆன்லைன்ல பதிவு, கார்டுன்னு அலைச்சல். எல்லாத்துக்கும் கேஸ் மேனேஜர் கூடவே வந்தாங்க. ஒரு பேங்க்ல, எதுன்னு சொல்லல, "இவங்களுக்கு பதிலா வேற யாராவது கையெழுத்து போடுங்க"ன்னு சொன்னாங்க, அத்தையை பார்த்து கூட பேசல. கேஸ் மேனேஜர் விடல, அவங்க கையெழுத்து போடுவாங்க, அவங்ககிட்டயே கேளுங்கன்னு நின்னு வாங்கினாங்க. அத்தை தன் பேரை முழுசா தமிழ்ல எழுதினாங்க. இப்போ வோட்டர் ஐடியும் இருக்கு, பக்கத்து ஸ்கூல் பூத்ல க்யூல நின்னு தான் ஓட்டு போடறாங்க. 2019 தேர்தல்ல கீழ்ப்பாக்கம் மனநல காப்பகத்துக்குள்ளயே பூத் போட்டு அங்க இருக்கறவங்க ஓட்டு போட்டது பெரிய விஷயம், அதை சந்தோஷமா படிச்சேன், ஆனா தெருக்காரங்களோட தெருக்காரியா நின்னு போடறது இன்னும் பெரிய விஷயம்னு எனக்கு படுது.

சொந்தக்காரங்க இன்னும் கேக்கறாங்க, "அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவளை ஏன் வெளில விட்டு வெச்சிருக்கீங்க"ன்னு. அவங்களுக்கும் இதே கேள்வி மனசுல இருக்கறவங்களுக்கும் சேர்த்து தான் சொல்றேன். அத்தைக்கு எங்க வீடு வேணும்னா எப்ப வேணா வரலாம், பொங்கலுக்கு வராங்க, ரெண்டு நாள் இருக்காங்க, மூணாவது நாள் "மெஷின்ல வேலை கிடக்கு"ன்னு கிளம்பிடறாங்க. குடும்பத்தோட சேர்த்து வெச்சா தான் ஒருத்தர் குணமானதா அர்த்தம்னு நாம நினைக்கறோம், சினிமாவும் அதையே காட்டி பழக்கிடுச்சு. எந்த வீட்டுல நோவு வந்துச்சோ, எந்த தெருவுல மானம் போச்சோ, அங்கயே திரும்ப போய் வாழுன்னு சொல்றது எத்தனை பேருக்கு தண்டனைன்னு யோசிங்க. அத்தைக்கு தேவைப்பட்டது அவங்க கடந்த காலத்தை யாரும் தோண்டாத ஒரு தெரு, கூட நாலு பேர், மாத்திரை, தன் கைல ஒரு சாவி. அது கிடைச்சதும் எங்களோட உறவும் தானா சரியாச்சு.

சட்டமும் இதை தான் சொல்லுது. 2017 மனநல பாதுகாப்பு சட்டம் 19வது பிரிவு, குடும்பம் இல்ல, குடும்பம் ஏத்துக்கல, தங்க இடமில்லங்கற காரணத்துக்காக மட்டும் ஒருத்தரை மனநல மையத்துலயே தொடர்ந்து வெச்சிருக்க கூடாது, சமூகத்துக்கு நடுவுல வாழறது அவங்க உரிமைன்னு சொல்லுது. அந்த மாதிரி வீடுகளுக்கு அரசாங்கம் ஏற்பாடு பண்ணணும், இல்லன்னா பண்றவங்களுக்கு உதவணும்னும் அதே பிரிவுல இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2021ல வெளியிட்ட வழிகாட்டில நல்லா நடக்குற சேவைகளுக்கு உதாரணமா ஹோம் அகெய்னையும் சேர்த்திருக்காங்க. தமிழ்நாட்டை தாண்டி கேரளா, மகாராஷ்டிரா, அஸ்ஸாம்லயும் இதே மாதிரி வீடுகள் இருக்கு.

எல்லாமே பிரமாதம்னு சொல்லிட்டு போக மாட்டேன், சில விஷயம் தெரிஞ்சுக்கிட்டு போங்க. முதல்ல, ரோட்டுல இருக்குற அத்தனை பேருக்கும் போதுற அளவுக்கு இந்த வீடுகள் கிடையாது. ஒரு தன்னார்வ அமைப்பு நன்கொடையும் நிதி உதவியும் வாங்கி எத்தனை வீடு தான் எடுக்க முடியும்? இது ரேஷன் கடை மாதிரி ஊருக்கு ஊர் இருக்க வேண்டிய விஷயம், அரசாங்கம் இன்னும் பெருசா இறங்கணும். அடுத்தது வீடு கிடைக்கறது, எனக்கு தெரிஞ்ச ஒரு ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ் வரைக்கும் பேசிட்டு யார் தங்க போறாங்கன்னு கேட்டதும் "சின்ன பசங்க இருக்குற இடம்"னு சாவியை திருப்பி வாங்கிட்டாரு. அப்புறம் உடம்பு. மனநோய்க்கு குடுக்கற ஒலான்சபின் மாதிரி மாத்திரைகள்ல வெயிட் ஏறும், சுகர் வரும், அத்தைக்கும் சுகர் பார்டர்ல நிக்குது, அதனால குடும்பத்துல இருக்கறவங்களும் ப்ளட் டெஸ்ட் ரிப்போர்ட்டை கேட்டு தெரிஞ்சுக்கறது நல்லது, எல்லாத்தையும் அவங்க மேலயே போட்டுட கூடாது. இன்னொண்ணு, இந்த ஏற்பாடு மொத்தமும் அந்த பெர்சனல் அசிஸ்டென்ட் பெண்கள் தோள் மேல தான் நிக்குது. மனநல சேவைன்னா டாக்டர் பேரை தான் எல்லாரும் கேக்கறோம், ராத்திரி வாசப்படில பக்கத்துல உக்காந்திருக்கறவங்க இவங்க, இந்த வேலையோட மதிப்பு நம்ம ஊர்ல யாருக்கும் சரியா புரியலங்கறது என் ஆதங்கம்.

யாருக்கு இது சரிப்படும்னு கேட்டா, உடனடி ட்ரீட்மென்ட் தேவைப்படற கட்டத்துல இருக்கறவங்களை நேரா இங்க கொண்டு வந்து விட முடியாது, முதல்ல ஹாஸ்பிடலோ அடைக்கலம் மாதிரி இடமோ தான். வயசான அப்பா அம்மாவை விட்டு வைக்க இடம் தேடறவங்களுக்கான சர்வீஸும் இல்ல. எங்ககிட்ட பணம் எதுவும் கேக்கல, அதனால யாரும் "எவ்வளவு மாசத்துக்கு"ன்னு கமென்ட்ல கேக்காதீங்க.

ரோட்டுல இப்படி யாரையாவது பார்த்தா சாப்பாடு குடுத்துட்டு போட்டோ எடுத்து போடாதீங்க, முகத்தை காட்டி வீடியோ போடவே போடாதீங்க, நாளைக்கு அவங்க ஒரு தெருவுல குடித்தனம் இருக்கும்போது அந்த வீடியோ துரத்தும். போலீஸ்ல சொல்லுங்க, மனநலம் பாதிச்சு திரியறவங்களை பாதுகாப்புல எடுத்து 24 மணி நேரத்துக்குள்ள அரசு மருத்துவமனைக்கு கொண்டு போகணும்ங்கறது அதே 2017 சட்டத்துல 100வது பிரிவு, தயங்கினா பிரிவு நம்பரை சொல்லியே கேளுங்க. தமிழ்நாட்டுல 2018ல இருந்து சில மாவட்ட அரசு மருத்துவமனைகள்லயே வீடில்லாத மனநோயாளிகளுக்கான அவசர சிகிச்சை மீட்பு மையம் நடக்குது, கலெக்டர் ஆபீஸ்லயோ மாவட்ட மனநல திட்டத்துலயோ கேட்டா எங்க இருக்குன்னு சொல்லுவாங்க. என்ன பண்றதுன்னே தெரியலன்னா 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம், ஃப்ரீ தான்.

உதவி பண்ணணும்னு நினைக்கறவங்க பழைய துணி மூட்டை கட்டி எடுத்துட்டு போகாதீங்க, அந்த வீடுகள்ல இருக்கறவங்க தனக்கு வேணுங்கற சேலையை தானே கடைக்கு போய் கலர் பார்த்து எடுக்கறாங்க. பிறந்தநாளுக்கு மொத்தமா ஒரு வேளை பிரியாணி போடறதை விட அந்த காசை மாசாமாசம் கொஞ்சமா அனுப்புங்க, வாடகையும் கரண்ட் பில்லும் மாத்திரையும் மாசாமாசம் தான் வருது.